டைனமோ வீட்டுக்கு வந்த செவ்வாய்க்கிழமை

கரட்டூர் சந்தைக்குப் பின்தெருவில் பெண்களுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்து வந்த கலாமணியின் காரிலிருந்து, அவளைக் கேட்காமல் கழற்றி வேறொருவர் காரில் மாட்டப்பட்ட டைனமோ, மாட்டிய இடத்திலிருந்து தானே இறங்கி, இரண்டரைக் கிலோமீட்டர் நடந்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழேகால் மணிக்கு அவள் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தது. கலாமணி அப்போது கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். டைனமோ கோலத்தை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு வந்து படிக்குப் பக்கத்தில் நின்றது. மூன்று வருடத்துக்கு முன் ஆயுத பூஜைக்கு வண்டியின் சாமான்களுக்கெல்லாம் அவளே நகப்பூச்சில் வைத்த சிவப்புப் பொட்டு அதன் உடம்பில் அப்படியே இருந்தது. கலாமணி மீதிப் புள்ளிகளை இணைத்து முடித்துவிட்டு, கையில் இருந்த மாவைத் தட்டிவிட்டு, "ஆக, நீ கெட்டுப்போகலை" என்றாள்.

கெட்டுப்போய்விட்டது என்று சொன்னவன் சென்னியப்பன். பைபாஸ் ரோட்டில் பெட்ரோல் பங்க்குக்கு எதிரே பதினைந்து வருடமாக ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவன்; கலாமணியை அக்கா என்று கூப்பிடுகிறவன்; அவள் மகள் கல்யாணத்தில் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு மூன்று பந்தி பரிமாறியவன். அதனால்தான், பிரேக் மிதித்தால் கீச்சென்று சத்தம் வருகிறது என்று சொல்லி அவனிடம் வண்டியை விட்டபோது, என்ன வேலை, எவ்வளவு ஆகும் என்று ஒரு சீட்டில் எழுதிக்கொடு என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எழுதிக் கொடுத்திருப்பான், அதற்குப் பிறகு அக்கா என்று கூப்பிட்டிருக்க மாட்டான். கரட்டூரில் கேட்பது என்பது அந்நியர்களுக்கு. பழகியவர்கள் வீட்டுக் கறிவேப்பிலை மரத்தில் கேட்டுவிட்டுப் பறித்தால் அந்த வீட்டுக்காரி இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேச மாட்டாள். நம்மை வேற்றாளாக நினைத்துவிட்டாளே என்று பக்கத்து வீட்டில் சொல்லி ஆற்றிக்கொள்வாள்.

ஆறு நாள் கழித்து வண்டி எடுக்கப் போனபோது சென்னியப்பன் முப்பத்தெட்டாயிரத்து நானூறு ரூபாய்க்கு ஒரு பில்லை நீட்டினான்.

"பிரேக் சத்தம் மட்டுந்தானப்பா சொன்னேன்."

"சொன்னீங்கக்கா. பானெட்டைத் தூக்கிப் பாத்தா உள்ளே ஒண்ணுமே சரியில்லீங்க. டைனமோ போயிருச்சு, செல்ஃப் மோட்டார் போயிருச்சு, ரேடியேட்டர் ஒழுகுது, ஏசி கம்ப்ரஸர் எப்ப வேணாலும் போயிருமுங்க. எல்லாம் புதுசு போட்டுட்டேன்."

"எப்ப வேணாலும் போயிரும்னா, இன்னும் போகலைன்னு அர்த்தம்."

"போனதுக்கப்பறம் மாத்தறதுக்கு எவனோ ஒரு மெக்கானிக் போதுமே, தம்பி நான் எதுக்குங்க இருக்கறேன்?"

"ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமில்ல?"

"அக்கா வண்டிக்குக் கேட்டுட்டா செய்வாங்க? கேட்டா நான் மனுசனா?"

"கழட்டுன பழைய சாமானெல்லாம் எங்க?"

"அந்தக் குப்பை உங்களுக்கு எதுக்குங்க. பழைய இரும்புக்குப் போட்டுட்டேன்."

கலாமணி பிரேக்குக்கு உண்டான இரண்டாயிரத்து இருநூறை மட்டும் எண்ணி வைத்தாள். சென்னியப்பன் முகம் மாறாமல் எடுத்துக்கொண்டு, மிச்சம் வருகிறவரைக்கும் வண்டியின் ஆர்.சி. புத்தகம் தன்னிடம் இருக்கட்டும் என்றான். வகுப்புக்கு நேரமாகிவிட்டிருந்தது. அவளே முன்பக்கப் பெட்டியைத் திறந்து, புத்தகத்தை எடுத்து, அவன் கையில் கொடுத்துவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்தாள். முதல் வேகத்தடையில் பிரேக்கை மிதித்தபோது கீச்சென்றது.

புத்தகம் இல்லாமல் வகுப்பு எடுக்கலாம், லைசென்ஸ் வாங்க முடியாது. அடுத்த வாரம் வியாழக்கிழமை அவளிடம் படித்த ஆறு பெண்களுக்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஓட்டிக் காட்டும் நாள். வண்டியின் அசல் புத்தகம் வேண்டும், போனில் காட்டினால் செல்லாது என்று அங்கே சுவரில் எழுதி ஒட்டியிருந்தார்கள். ஆறு பேரில் தவமணி நகராட்சியில் தூய்மைப் பணியாளர். பதினாலு வருடம் தள்ளுவண்டி தள்ளியவள். மாதக் கடைசிக்குள் லைசென்ஸ் கொண்டுவந்தால் குப்பை அள்ளும் நாலு சக்கர வண்டியை ஓட்டக் கொடுப்பதாகவும், இல்லையென்றால் வெளியாளைப் போட்டுவிடுவதாகவும் மேற்பார்வையாளர் சொல்லியிருந்தார். அவளுடைய எல்.எல்.ஆர். அந்த வியாழனுக்கு மறுநாள் வெள்ளிக்கிழமையோடு காலாவதியாகிறது.

ஆகவே திங்கட்கிழமை காலை கலாமணி கடைவீதிப் பிள்ளையார் கோயில் முன்னால் சென்னியப்பனை நிறுத்தி, சூடத்தை ஏற்றி வைத்து, உண்மையைச் சொல்லி அணை என்றாள். அவன் கொஞ்சமும் தயங்கவில்லை. "இந்த ஊர்ல ஒருத்தரோட சாமானையும் அவங்க சம்மதமில்லாம நான் தொட்டதில்லீங்க, தொட்டிருந்தா அது அதும்பாட்டுக்கு வீட்டுக்குப் போகட்டும்" என்று சொல்லி, சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துவிட்டு, கையை ஊதிக்கொண்டே கடைக்குப் போனான். மறுநாள்தான் டைனமோ வந்தது. சூடத்தால்தான் இது நடந்தது என்று கடைவீதியில் பாதிப்பேர் சொன்னார்கள். மீதிப்பேர், சூடம் அணைத்துப் பொய் சொல்வது கரட்டூருக்குப் புதிதல்ல, இதுவரை ஒரு நட்டுகூட நகர்ந்ததில்லையே என்றார்கள். இதற்குமேல் காரணத்தை யாரும் ஆராயவில்லை. ஆராய நேரமும் இல்லை, ஏனென்றால் புதன்கிழமைக்குள் ஊர் முழுக்கச் சாமான்கள் நடக்க ஆரம்பித்துவிட்டன.

முழங்கால் வலி உள்ள ஒரு மனிதரின் வேகத்தில் அவை நடந்தன, இடதுபக்கமாகவே நடந்தன, ரயில்வே கேட் மூடியிருந்தால் காத்திருந்தன, பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் ஓரமாக நின்று பிள்ளைகளைப் போகவிட்டன. முதல் நாள் நாய்கள் குரைத்தன, இரண்டாம் நாள் கூடவே நடந்து தெருமுனைவரை கொண்டுவிட்டன. போக்குவரத்துக் காவலர் கார்பரேட்டர்களுக்கு முதலில் விசில் அடித்தார், பிறகு லாரிகளை நிறுத்தி வழிவிட்டார். பூக்கடைக்காரப் பெண்மணி தன் கடையைத் தாண்டிப் போகும் ஒவ்வொன்றுக்கும் மஞ்சளும் குங்குமமும் வைத்துவிட்டாள். யார் வீட்டுக்குப் போகிறதோ, வெறுங்கழுத்தோடு போக வேண்டாம் என்று பெரிய சாமான்களுக்கு ஒரு முழம் கதம்பமும் சுற்றினாள். டீக்கடைகளில் பேச்சு மாறியது. எந்த சைலென்சர் யாருடையது, எது எந்தச் சந்துக்குத் திரும்பும் என்று பந்தயம் வைத்துப் பேசினார்கள். கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு நின்ற காரிலிருந்து இரண்டு ஹெட்லைட்டும் இறங்கியபோது, கூட்டத்தில் நின்ற அவற்றின் சொந்தக்காரர் பந்தி முடியும்வரை பொறுக்கச் சொல்லி, சாப்பிட்டுவிட்டு வந்து கூட்டிக்கொண்டு போனார். சொந்தக்காரர் துபாய்க்குப் போய்விட்ட ஒரு இடதுபக்கக் கண்ணாடி மட்டும் போக இடமில்லாமல் பேருந்து நிலையத்தில் நின்றது. பேருந்துக்குக் காத்திருந்தவர்கள் அதில் பார்த்துத் தலை வாரிக்கொண்டார்கள்.

நாளிதழில் இந்தச் செய்தி வெள்ளிக்கிழமைதான் வந்தது. ஐந்தாம் பக்கத்தில், குடிநீர் விநியோக நேரத்துக்குக் கீழே, 'கரட்டூரில் வாகன உதிரிபாகங்கள் நடமாட்டம்: பொதுமக்கள் ஒத்துழைக்க வேண்டுகோள்' என்று ஒற்றைப் பத்தியில் பத்து வரி.

அந்தப் பத்து வரியில் இல்லாத ஒரு விஷயத்தை ஊர் தானாகவே கண்டுபிடித்தது. பழைய இரும்புக்குப் போனதாகச் சொல்லப்பட்ட எதுவும் பழைய இரும்புக்குப் போகவில்லை. புதுச் சாமான் என்று பதினைந்து வருடமாக எதுவும் கரட்டூருக்குள் வரவும் இல்லை. இவர் காரில் நன்றாக இருந்ததைக் கழற்றி அவர் காருக்கும், அவர் காரில் இருந்ததை இன்னொருவர் காருக்குமாக, இருந்ததே இடம் மாறி இடம் மாறி ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. ஊரில் இருந்த மற்ற இரண்டு ஒர்க்‌ஷாப்காரர்களும் புதன்கிழமையே ஷட்டரை இறக்கிவிட்டு உறவினர் ஊருக்குப் போய்விட்டார்கள். அவர்கள் போன வண்டிகளும் பாதி வழியில் நின்றதாகக் கேள்வி.

புதன்கிழமை மாலை கண் டாக்டர் ஜெயசீலன் கலாமணி வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்ற டைனமோவைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது உங்களுதுங்களா?"

"ஆமாங்க டாக்டர். பொட்டுப் பாருங்க."

"ஆறு நாளா எங்கிட்ட இருந்துச்சு. புதுசுன்னு சொல்லித்தான் குடுத்தாப்புல."

"நல்லா ஓடுச்சுங்களா?"

"குறை சொல்லக் கூடாதுங்க, நல்லாவே ஓடுச்சு" என்ற டாக்டர், காபி குடித்துவிட்டு, கிளம்பும்போது டைனமோவிடம் தலையசைத்துவிட்டுப் போனார்.

எல்லோரும் டாக்டரைப்போல் இல்லை. எட்டுக் கார் வைத்து வாடகைக்கு விடும் முத்துவேலப்பர், எட்டும் நின்றுபோன அன்று கலாமணி வீட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஏன் அம்மணி, சூடம் ஏத்தறதுக்கு முந்தி ஊரை ஒரு வார்த்தை கேட்டியா? உன்ர ஒரு வண்டிக்காக ஊரே நடந்து போகுது." சந்தையில் தக்காளிக்காரியும் அதையே சொன்னாள். சென்னியப்பன் செய்தது தப்புத்தான், ஆனால் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. கலாமணி செய்தது சரிதான், ஆனால் வண்டி நின்றுவிட்டது. இரண்டையும் வைத்துப் பார்த்த கரட்டூர்க்காரர்கள் பலருக்குக் கலாமணிமேல்தான் கோபம் வந்தது.

அவள் வண்டியும் தப்பவில்லை. வெள்ளிக்கிழமை பத்து மணிக்குச் சந்தை மைதானத்தில் தவமணி வண்டியைப் பின்னால் எடுத்துப் பழகிக்கொண்டிருந்தபோது முன்பக்கம் ஏதோ அசைந்தது.

"டீச்சருங்க, என்னமோ எறங்குதுங்க."

"நியூட்ரல் பண்ணு. ஹேண்ட்பிரேக் போடு. எறங்கறவங்க எறங்கட்டும்."

தவமணி நியூட்ரல் செய்து, ஹேண்ட்பிரேக் போட்டு, சொல்லாமலே இடதுபக்க இண்டிகேட்டரையும் போட்டாள். ரேடியேட்டர் முதலில் இறங்கி, பச்சைத் தண்ணீர் சொட்டச் சொட்ட முட்டைக்கடைத் தெருப்பக்கம் போனது. பின்னாலேயே செல்ஃப் மோட்டார், கம்ப்ரஸர், டைனமோ மூன்றும் வரிசையாக இறங்கி வேறு வேறு திசையில் போயின. சென்னியப்பன் புதுசு என்று சொல்லிப் போட்ட நான்கும் அவைதான். வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். சனிக்கிழமை அவளுடைய சொந்த ரேடியேட்டர் வந்தது, ஞாயிறு செல்ஃப் மோட்டார், திங்கள் கம்ப்ரஸர். எல்லாவற்றிலும் சிவப்புப் பொட்டு. நான்கும் வாசலில் வரிசையாக நின்றன. மாட்டுவதற்கு ஆள் இல்லை, வியாழனுக்கு மூன்றே நாள் இருந்தது, புத்தகம் மட்டும் வரவே இல்லை.

திங்கள் மாலை ஒர்க்‌ஷாப்புக்குப் போய்க் கேட்டாள். கடை துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஜாக்கிகூட யாருடையதோ, போய்விட்டது. சென்னியப்பன் கவிழ்த்துப் போட்ட டிரம்மின்மேல் உட்கார்ந்திருந்தான்.

"புத்தகம் வராதுங்கக்கா. நான் எடுக்கலை, நீங்களா உங்க கையால குடுத்தீங்க. அதுக்குக் கால் முளைக்காது."

"சாமானெல்லாம் வந்துருச்சு சென்னி. ஊரே பாத்துச்சு. இன்னும் என்ன?"

"ஊர் என்ன பாத்துச்சு? எல்லார்கிட்டயும் எல்லாரோடதும் இருந்துச்சு, ஊரே ஒரு குடும்பமா ஓடிட்டிருந்துச்சு. இப்ப அவங்கவங்க சாமான் அவங்கவங்க வாசல்ல நிக்குது, ஒருத்தர் வண்டியும் ஓடலை. இதைச் செஞ்சது நானா நீங்களா?"

கலாமணி திரும்பி வந்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை, ஓடாத காருக்குள்ளேயே தவமணியை உட்காரவைத்து, கிளட்ச், பிரேக், கியர் என்று வாயால் சொல்லிப் பழக்கிக்கொண்டிருந்தாள். சொல்லிக்கொடுப்பவர் பக்கத்திலும் ஒரு ஜோடி பெடல் உண்டு. படிப்பவர் தடுமாறினால் அதை மிதித்துத்தான் வண்டியை நிறுத்த வேண்டும். அந்தப் பெடல் இல்லாத கார் பயிற்சிக் கார் ஆகாது. பதினொரு மணிக்கு அந்தப் பெடல் ஜோடி கலாமணியின் காலடியில் அசைந்தது. அவள் கழற்றி வைத்திருந்த செருப்பை மெதுவாக ஒதுக்கிவிட்டு, கதவோரமாக இறங்கி, கேட்டைத் தாண்டி, கன்னிமார் கோயில் தெருப்பக்கம் திரும்பியது.

"அதுவுமா டீச்சருங்க? அதை யாருகிட்ட இருந்து..." என்று ஆரம்பித்த தவமணி, கலாமணியின் முகத்தைப் பார்த்துவிட்டு, கிளட்ச், பிரேக், கியர் என்று தானாகவே சொல்லத் தொடங்கினாள்.

பதினொரு வருடத்துக்கு முன் கலாமணி, குப்பண்ணன் என்பவரின் டிரைவிங் ஸ்கூலில் வேலை பார்த்தாள். மூன்று மாதம் சம்பளம் தராமல் இழுத்தடித்தவரின் காரிலிருந்து ஒருநாள் மத்தியானம், அவர் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், பெடலைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். அதைத் தன் காரில் மாட்டித்தான் சொந்தமாகப் பள்ளி ஆரம்பித்தாள். மாட்டிக் கொடுத்தவன் சென்னியப்பன். எங்கிருந்து வந்தது என்று அவன் அப்போது கேட்கவில்லை. கேட்காததை அன்று பெருந்தன்மை என்று நினைத்தாள்.

செருப்பை மாட்டிக்கொண்டு பெடலின் பின்னாலேயே நடந்தாள். அது வேகமாகப் போகவில்லை, ஆனாலும் அவள் அதை முந்தவில்லை. குப்பண்ணனுக்கு இப்போது எழுபத்து நாலு வயது. ஸ்கூலை மூடி ஏழு வருடம். வீட்டு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பெடல் அவருடைய செருப்புக்குப் பக்கத்தில் போய் நின்றது.

"யாருதோன்னு பாத்தேன். வெல்டிங்கைப் பாத்ததும் தெரிஞ்சுபோச்சு" என்றார். "வா கலாமணி."

"மூணு மாசம் நீங்க சம்பளம் குடுக்கலீங்க."

"குடுக்கல."

"அதனாலதான் கழட்டுனனுங்க."

"கேட்டிருந்தாக் குடுத்திருப்பேன்."

"சம்பளத்தையுங்களா?"

குப்பண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு யோசித்தார். "சம்பளத்தக் குடுத்திருக்க மாட்டேன். பெடலைக் குடுத்திருப்பேன்."

கலாமணி நின்றாள். திரும்பிப் போய்விடலாம் என்று தோன்றியது. சம்பளத்துக்கும் பெடலுக்கும் சரியாகிவிட்டது என்று பதினொரு வருடமாகத் தினமும் அந்தப் பெடலை மிதித்தவள் அவள். தனக்கு வர வேண்டியதைத்தான் எடுத்தேன் என்பதில் இன்றைக்கும் அவளுக்குச் சந்தேகமில்லை. கேட்டாலோ, அது தன்னுடையது இல்லை என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். தொண்டை வறண்டது. வியாழக்கிழமையை நினைத்தாள், தள்ளுவண்டி தள்ளிக் காய்த்துப்போன தவமணியின் கையை நினைத்தாள்.

"இப்பக் கேக்கறனுங்க. பெடலை நான் எடுத்துக்கட்டுங்களா?"

தெருவில் ஒரு சைலென்சர் போனது. அது போகும்வரை குப்பண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எடுத்துக்க" என்றார். பெடல் அவர் செருப்புப் பக்கத்திலிருந்து திரும்பி வந்து அவள் காலடியில் நின்றது. "ஒரு வாய் மோர் குடிச்சுட்டுப் போறயா?" என்று கேட்டார். குடித்துவிட்டு வந்தாள். மோர் புளித்திருந்தது.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆறு பெண்களும் வந்து காரைத் தள்ளினார்கள். தவமணி காக்கிச் சேலையோடு வேலை முடித்து நேராக வந்திருந்தாள். கலாமணி ஸ்டியரிங் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தாள். பின்னால் டைனமோவும் ரேடியேட்டரும் செல்ஃப் மோட்டாரும் கம்ப்ரஸரும் பெடல் ஜோடியும் வரிசை கலையாமல் வந்தன. பூக்கடைக்காரப் பெண்மணி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து, காரின் நெற்றிக்கும் ஒரு முழம் வைத்தாள். பைபாஸ் போவதற்குள் பின்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது. கண் டாக்டர் இருந்தார், முத்துவேலப்பர் இருந்தார். வண்டி ஓடாத ஊரில் புதன்கிழமை காலை எல்லோருக்கும் நடக்க நேரம் இருந்தது.

சென்னியப்பன் டிரம்மிலிருந்து எழுந்தான். "வாங்கக்கா. காபி சொல்லிட்டேன்."

"வேணுமான்னு கேட்டயா?"

அவன் கூட்டத்தைப் பார்த்தான், பெடலைப் பார்த்தான், லேசாகச் சிரித்தான். "பெடலும் எறங்கிப் போச்சாமே. அதை மாட்டுனவன் நாந்தானுங்க. கழட்டிட்டு வந்தது யாருன்னு இவங்களுக்கெல்லாம் சொல்லட்டுங்களா?"

"நானே சொல்றேன்" என்று கலாமணி கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "பதினோரு வருசத்துக்கு முன்னால குப்பண்ணன் வண்டியில இருந்து கேக்காமக் கழட்டுனேன். நேத்துப் போய்க் கேட்டேன். குடுத்துட்டார்." தங்கள் வாசலில் இருந்து எது இறங்கிப் போகுமோ என்று கூட்டத்தில் சிலர் யோசித்த மாதிரி இருந்தது. அவள் சென்னியப்பன் பக்கம் திரும்பினாள். "கேக்கறது ஒண்ணும் சாகற காரியமில்லை சென்னி. தொண்டை கொஞ்சம் வறளும், அவ்வளவுதான்."

"நான் யாருகிட்ட என்னத்தைக் கேக்கறது?"

"மூணு வாரத்துக்கு முன்னால கேட்டிருக்க வேண்டியதை. பானெட்டைத் தூக்கிட்டுக் கேளு."

சென்னியப்பன் நின்ற இடத்திலேயே நின்றான். அக்கா என்று கூப்பிட்டவளைப் பார்த்து அப்படிக் கேட்டால் இனி அக்கா இல்லை, வாடிக்கையாளர். பதினைந்து வருடமாக அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் அவன் ஒர்க்‌ஷாப் நடத்தியிருந்தான். காபி வந்தது, யாரும் எடுக்கவில்லை. ஆறிக்கொண்டிருந்த காபியைப் பார்த்தபடி முத்துவேலப்பர் சொன்னார்: "கேட்டுத் தொலைப்பா. எட்டு வண்டி நிக்குது எனக்கு."

அவன் போய் பானெட்டைத் தூக்கினான். உள்ளே நான்கு இடம் காலியாக இருந்தது. வெகுநேரம் அதற்குள் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தலையைத் தூக்காமலே கேட்டான்.

"டைனமோ மாத்தட்டுங்களா?"

"வேண்டாம்."

வரிசையிலிருந்து டைனமோ நகர்ந்து வந்து அவன் காலருகே நின்றது. அவன் குனிந்து எடுத்து அதன் இடத்தில் மாட்டினான். ஸ்பானர்கூட அவனுடையது என்று ஒன்றுதான் மிச்சம் இருந்தது; அதை வைத்தே முறுக்கினான்.

"செல்ஃப் மோட்டாரு?"

"வேண்டாம்."

"ரேடியேட்டரு?"

"வேண்டாம்."

"கம்ப்ரஸரு. எப்ப வேணாலும் போயிருமுங்க."

"போனதுக்கப்பறம் வர்றேன்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ஒவ்வொன்றாக மாட்டி, பெடலையும் மாட்டி முடிக்கப் பகல் ஒரு மணி ஆனது. கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தவன் முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தான்.

"வேற என்ன செய்யட்டுங்க?"

"பிரேக் மிதிச்சாக் கீச்சுங்குது. அதைப் பாரு."

சென்னியப்பன் எதிரே பெட்ரோல் பங்க்கில் ஜாக்கி கேட்டு வாங்கி வந்து, சக்கரத்தைக் கழற்ற உட்கார்ந்தான். அதற்கு முக்கால் மணி நேரம்தான் ஆனது. பில்லை அவனே எடுத்துவந்து, பிரேக் வரியைத் தவிர மற்றதையெல்லாம் குறுக்கே கோடு போட்டு அடித்துக் கொடுத்தான்.

"புத்தகம்" என்றாள்.

"நீங்களாத்தான குடுத்தீங்க."

"குடுத்தேன். இப்பக் கேக்கறேன்."

மேசை இழுப்பறையைத் திறந்து எடுத்துக் கொடுத்தான். அவள் வண்டியைக் கிளப்பும்போது கண் டாக்டர் முன்னால் நின்றிருந்தார். சென்னியப்பன் அவரிடம், "உங்களுதுல பழைய டைனமோவையே மாட்டட்டுங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். அவருக்குப் பின்னால் வரிசை பெட்ரோல் பங்க்கைத் தாண்டி நின்றது. அந்த வரிசை முடிய பதினேழு நாள் ஆனது. சிலர் வேண்டாம் என்றார்கள், சிலர் இருக்கட்டும் என்றார்கள். இருக்கட்டும் என்று சொல்லப்பட்டவை அதற்குமேல் எங்கும் நடக்கவில்லை. சென்னியப்பன் அதற்குப் பிறகு கலாமணியை அக்கா என்று கூப்பிடவில்லை. மேடம் என்றான். முதல் இரண்டு மாதம் அது அவளுக்கு உறுத்தலாகத்தான் இருந்தது.

வியாழக்கிழமை காலை ஆர்.டி.ஓ. மைதானத்தில் ஆறு பேரில் ஐந்து பேர் ஓட்டிக் காட்டி முடித்திருந்தார்கள். கடைசியாகத் தவமணி ஏறினாள். ஆய்வாளர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு அவள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தாளில் அவள் பெயருக்கு நேரே பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தார். வெளியே வேப்பமரத்தடியில் நின்ற கலாமணி, வண்டி ஏன் இன்னும் நகரவில்லை என்று எட்டிப் பார்த்தாள்.

தவமணி பெல்ட்டைப் போட்டாள், கண்ணாடியைச் சரிசெய்தாள், கிளட்சை மிதித்து முதல் கியர் போட்டாள். பிறகு ஆய்வாளர் பக்கம் திரும்பி, "எடுக்கட்டுங்களா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தாள்.

இருபத்திரண்டு வருடத்தில் ஆய்வாளரை அப்படி யாரும் கேட்டதில்லை. அவர் பேனாவை மூடினார்.

"எடுங்க" என்றார்.